மெட்ராஸ் ஹெரால்ட்: ஒரு ஸ்டியரிங்கும் இரண்டு பின் அச்சுகளும்

'ஸ்டாண்டர்ட்' என்ற பெயரில் இங்கிலாந்தில் கடைசி கார் வெளிவந்தது 1963இல். கோவென்ட்ரி நகரில் 1903இல் தொடங்கிய கம்பெனி அது. அங்கே பெயர் அழிந்த பிறகும் இன்னொரு கால் நூற்றாண்டு அந்தப் பெயர் உயிரோடு இருந்த இடம் ஒன்று உண்டு. லண்டனோ சிட்னியோ இல்லை. சென்னைக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. ரோட்டில், பெருங்களத்தூர் வண்டலூர் பக்கம். 1948இல் மெட்ராஸில் ஆரம்பிக்கப்பட்ட 'ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா' அங்கேதான் கார் செய்தது. 1988 வாக்கில் மூடப்பட்டது. இன்று அந்த இடத்தில் ஐ.டி. வளாகம் நிற்கிறது.

பட்டுக்கும் அரிசிக்கும் பேர் போன ஆரணியில் உட்கார்ந்துகொண்டு இவன் எதுக்குக் கார் பத்தி எழுதறான்னு நீங்க நினைக்கலாம். ஸ்போர்ட்ஸ் கார்களின் 'ஸ்டியரிங் ஃபீல்' பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் அது பெருங்களத்தூரில் வந்து நின்றது. அந்த நூலைத்தான் இங்கே பிரித்துப் போடுகிறேன்.

கைக்கு என்ன தெரிகிறது?

முதலில் 'ஃபீல்' என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். ஸ்டியரிங் லேசாகச் சுற்றுவது ஃபீல் இல்லை. டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்ற சேதி கைக்கு வந்து சேருவதுதான் ஃபீல்.

முன் சக்கரத்தைத் திருப்பியதும் டயர் நேராக வரப் பார்க்கும். சைக்கிளில் கையை விட்டு ஓட்டினாலும் முன் சக்கரம் தானாக நேராகிறதே, கிட்டத்தட்ட அதே விஷயம். அந்த நேராகும் விசை ராடுகள் வழியாக ஸ்டியரிங் வீலுக்கு வந்து நம் உள்ளங்கையைத் தள்ளுகிறது. வளைவில் வேகம் கூடக் கூட இந்தத் தள்ளலும் கூடும். ஆனால் டயரின் பிடி அதன் எல்லையை நெருங்கும்போது, வண்டி வழுக்குவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, இந்தத் தள்ளல் குறைய ஆரம்பிக்கும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும். பழகின டிரைவர் அங்கேயே காலை அளந்து எடுப்பார். இந்தச் சேதி வராத வண்டியில், வழுக்கின பிறகுதான் வழுக்கினது தெரியும்.

எங்க ஊரில் குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பாவு எவ்வளவு இழுப்பாக இருக்கிறது என்று அவர்கள் அளவு கருவி வைத்துப் பார்ப்பதில்லை. பலகையை அடிக்கும் கைக்கும் மிதிக்கும் காலுக்கும் தெரிந்துவிடுகிறது. கைக்கும் இழைக்கும் நடுவில் தளர்ந்த பொருள் எதுவும் இல்லாததால்தான் அது தெரிகிறது. நடுவில் எங்காவது ஆட்டம் விழுந்தால் சேதி அங்கேயே நின்றுவிடும்.

கார் ஸ்டியரிங்கிலும் அப்படித்தான். பழைய கார்கள் பலவற்றில் புழு போன்ற ஒரு ஸ்க்ரூ, அதைக் கடித்துக்கொண்டு ஓர் உருளை, அதன்பின் நாலைந்து இணைப்புகள் என்று சுற்றி வளைத்துத்தான் திருப்பம் சக்கரத்துக்குப் போகும். நம்ம ஃபியட் 1100இல் இருந்தது இந்த வகை. ஒவ்வொரு இணைப்பிலும் உராய்வு உண்டு, தேய்மானம் உண்டு, ஆட்டம் உண்டு. 'ரேக் அண்ட் பினியன்' வகையில் ஒரு சின்னப் பல்சக்கரமும் பல் வெட்டின ஒரு தண்டும்தான். சுற்றினால் தண்டு பக்கவாட்டில் நகரும், இரண்டு முனையிலும் சக்கரம் திரும்பும். வழி குறுகினால் சேதியும் சிதறாமல் வரும்.

ஆனால் ரேக் இருந்துவிட்டால் மட்டும் போதாது. அம்பாசடரிலும் இருந்தது ரேக் அண்ட் பினியன்தான். அதை ஓட்டினவர்கள் யாரும் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டினதாகச் சொன்னதில்லை. வண்டியின் எடை, முன் சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு, டயரின் அகலம் எல்லாம் சேர்ந்துதான் ஃபீல் வருகிறது. இவை எல்லாம் நல்லபடியாகச் சேர்ந்து வந்த சின்ன வண்டிதான் ஹெரால்ட்.

கட்டாயத்தில் பிறந்த நல்ல வண்டி

ட்ரையம்ப் ஹெரால்ட் இங்கிலாந்தில் வெளிவந்தது 1959 ஏப்ரலில். உடலை வரைந்தவர் இத்தாலியர் ஜொவான்னி மிக்கெலொட்டி. அந்தக் காலத்தில் எல்லாரும் அடிச்சட்டமும் உடலும் ஒன்றாக இருக்கும் கார்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஸ்டாண்டர்ட் ட்ரையம்ப் கம்பெனியால் அப்படிப் போக முடியவில்லை. அவர்களுக்கு உடல் செய்து கொடுத்த 'ஃபிஷர் அண்ட் லட்லோ'வைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலைச் செய்து தர ஆளில்லை. அதனால் லாரி மாதிரி தனி அடிச்சட்டம், அதன்மேல் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கிய உடல் என்று ஹெரால்டைக் கட்டினார்கள்.

இந்தக் கட்டாயம்தான் ஹெரால்டை மெட்ராஸுக்கும் கொண்டுவந்தது என்று சொல்லலாம். ராட்சத பிரஸ் மெஷின் இல்லாத ஊரிலும் இந்த மாதிரி வண்டியைப் பொருத்திக் கட்ட முடியும். 1961இல் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்ற பெயரில் 948 சிசி என்ஜினோடு மெட்ராஸில் வந்தது. இங்கிலாந்தில் கடைசி வரை இரண்டு கதவுதான். நாலு கதவு ஹெரால்டை 1960களின் பிற்பகுதியில் செய்தது மெட்ராஸ் மட்டுமே.

ஓட்டுகிறவருக்கு இந்த வண்டி என்ன கொடுத்தது? எடை சுமார் 800 கிலோதான். முன்னால் இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், காயில் ஸ்பிரிங், ரேக் அண்ட் பினியன். சக்கரங்கள் ரொம்ப அதிகமாகத் திரும்பும்; 25 அடி, அதாவது ஏறக்குறைய 7.6 மீட்டர் விட்டத்துக்குள் முழு வட்டம் அடித்துவிடலாம். தெருவில் ஒரே வெட்டில் திரும்பிப் போகும் ஹெரால்டைப் பார்த்து மற்ற வண்டிக்காரர்கள் வயிறு எரிந்திருப்பார்கள்.

அதைவிட முக்கியம், இந்த முன்பாகத்தை யாரெல்லாம் எடுத்துக்கொண்டார்கள் என்பது. ட்ரையம்ப் கம்பெனியே ஹெரால்டின் அடித்தளத்தைக் குறுக்கி 1962இல் 'ஸ்பிட்ஃபயர்' என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. காலின் சாப்மனின் லோட்டஸ் கம்பெனி, முன் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்துண்டையும் ஸ்டியரிங் ரேக்கையும் ட்ரையம்ப் குடும்பத்திலிருந்தே வாங்கித் தன் கார்களில் பொருத்தியது. 1962இல் வந்த லோட்டஸ் எலானில் இருப்பது இந்த வம்சம்தான். ஸ்டியரிங் ஃபீலுக்கு இன்றும் உரைகல்லாகச் சொல்லப்படும் கார் அது. 1990களில் உலகத்திலேயே வேகமான சாலைக் காரான மெக்லாரன் எஃப்1ஐ வடிவமைத்த கார்டன் மர்ரே, எலானின் ஸ்டியரிங்கை அந்தக் காருக்குக் கொடுக்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டதாகப் பல இடங்களில் எழுதப்படுகிறது.

இப்போது கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் கார் ரசிகர்கள் கொண்டாடுகிற அந்த ஸ்டியரிங்கின் நெருங்கிய சொந்தம், 1960களில் டாக்டர்களையும் வக்கீல்களையும் ஏற்றிக்கொண்டு மவுண்ட் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. அது குடும்ப வண்டி. யாரும் அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று அழைக்கவில்லை.

சோழவரத்தில் மட்டும் சிலர் கண்டுகொண்டார்கள். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் அது, சென்னைக்கு வடக்கே. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்கள் நடத்தியது. 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயப் பாதை வரும்வரை தென்னிந்தியாவின் பெரிய கார் பந்தயம் என்றால் சோழவரம்தான். வெளிநாட்டிலிருந்து வந்த ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள் ஒரு பிரிவில் ஓடும். இன்னொரு பிரிவில் நம்ம ஊர் ஃபியட்டும் ஹெரால்டும் ஓடும்.

பின்னால் இருந்த பிரச்சினை

ஹெரால்டின் முன்பாகம் எவ்வளவு நல்லதோ, பின்பாகம் அவ்வளவு வம்பு.

பின்னால் இருந்தது 'ஸ்விங் ஆக்ஸில்'. நடுவில் டிஃபரென்ஷியல் அடிச்சட்டத்தோடு முடுக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து இரண்டு பக்கமும் அரை அச்சுகள், ஒவ்வொன்றின் உள்முனையிலும் ஒரு ஜாயின்ட். மேலே குறுக்காக ஒரே கமான் பட்டைக் கட்டு. ஒரு பக்கச் சக்கரம் குழியில் இறங்கினாலும் மறுபக்கம் அசையாது. மேடு பள்ளத்தில் சொகுசாகப் போகும். விலையும் குறைவு.

ஆனால் சக்கரம் அந்த அரை அச்சோடு ஒட்டியே இருப்பதால், மேலும் கீழும் போகும்போது நிமிர்ந்து நிற்காது, சாயும். ஆறு பேரும் மூட்டை முடிச்சும் ஏறி பின்பக்கம் அமுங்கினால், இரண்டு சக்கரமும் காலை அகட்டி நிற்கும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். அது செலவு, அவ்வளவுதான்.

ஆபத்து எதிர்ப்பக்கம் இருக்கிறது. வளைவில் வேகமாகப் போகும்போது பக்கவாட்டு விசை வண்டியின் பின்பாகத்தை மேலே தூக்கப் பார்க்கும். அப்போது பாரம் சுமக்கும் வெளிச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும். டயர் ரோட்டில் பதியும் பரப்பு சட்டென்று குறையும். டிரைவர் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். பின்பக்கம் வெளியே வீசி வண்டி சுழன்றுவிடும். அமெரிக்காவில் செவ்ரலே கார்வேர் என்ற காருக்கும் இதே வகை அமைப்புதான். ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே அந்தக் காரைப் பற்றியது. வாகனப் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாறு அங்கிருந்து திசை மாறியது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டியரிங் ஃபீல் முன் சக்கரத்தின் சேதியைத்தான் சொல்லும். பின் சக்கரம் மடங்குவதை ஸ்டியரிங் முன்கூட்டிச் சொல்லாது. கை பத்திரம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் கால் வாரிவிடும். நல்ல ஃபீல் வேறு, நல்ல ஹேண்ட்லிங் வேறு என்று ஹெரால்டை வைத்தே பாடம் நடத்தலாம்.

கோவென்ட்ரியின் பதில்

ஹெரால்ட் குடும்பத்திலேயே என்ஜின் பெரிதாகப் பெரிதாக இந்தக் கோளாறு உறுத்த ஆரம்பித்தது. ஸ்பிட்ஃபயரின் ஆறு சிலிண்டர் அண்ணன் ஜிடி6. அதற்கு 1968இல் கீழே தனிக் கைகள் வைத்து, சக்கரம் நிமிர்ந்து நிற்கும்படி பின் சஸ்பென்ஷனையே மாற்றினார்கள். நல்ல தீர்வு, ஆனால் செலவு அதிகம்.

1970இல் வந்த ஸ்பிட்ஃபயர் நாலாம் பதிப்புக்கு அவர்கள் கண்டுபிடித்தது மலிவான ஒரு தந்திரம். குறுக்குக் கமான் கட்டில் ஒரே ஒரு பட்டையை மட்டும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு, மற்றப் பட்டைகளை நடுவில் ஊஞ்சல் மாதிரி ஆட விட்டார்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து அமுங்கினால் எல்லாப் பட்டைகளும் பாரம் தாங்கும். வளைவில் வண்டி சாயும்போது மட்டும் பெரும்பாலான பட்டைகள் எதிர்ப்புக் காட்டாமல் கூடவே ஆடிவிடும். பின்பக்கம் தூக்குவதும் சக்கரம் மடங்குவதும் வெகுவாகக் குறைந்தது. அதற்கு ஈடாக முன்னால் சாய்வைத் தடுக்கும் கம்பியைக் கனமாக்கினார்கள். ஸ்விங் ஆக்ஸில் அப்படியே இருந்தது, அதன் குணம் மட்டும் மாறியது. 1980இல் ஸ்பிட்ஃபயர் நிற்கும்வரை இந்த ஏற்பாடு ஓடியது.

இது ஓட்டுகிறவரை மனதில் வைத்துச் சொன்ன பதில்.

மெட்ராஸின் பதில்

அதே கோளாறுக்கு மெட்ராஸ் வேறு பதில் சொன்னது. 1972இல் ஹெரால்டுக்குப் பதிலாக வந்த 'ஸ்டாண்டர்ட் கெஸல்' காரில் ஸ்விங் ஆக்ஸிலையே தூக்கிவிட்டார்கள். அம்பாசடரிலும் லாரியிலும் இருக்கும் மாதிரி இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டில் கோத்த கட்டி அச்சைப் போட்டார்கள். என்ஜின் அதே 948 சிசி.

ஏன்? ஹெரால்டின் பின் அச்சு இங்கே சொந்தக்காரர்களுக்கும் பிடிக்கவில்லை, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. நம்ம ரோட்டையும் நம்ம பாரத்தையும் வைத்து யோசித்தால் அதில் ஆச்சரியம் இல்லை. அரை அச்சுகளின் ஜாயின்ட்கள் தேயும். பாரம் ஏற்றினால் டயர் ஒருபக்கம் தேயும். அலைன்மென்ட் பார்க்க வசதி உள்ள பட்டறைகள் பெரிய ஊர்களில்தான் உண்டு. செய்யாறு வழியாகக் காஞ்சிபுரம் போகும் சாலையில் பாதி வழியில் படுத்துக்கொண்ட வண்டியை அருகில் இருக்கும் லாரி மெக்கானிக்தான் பார்த்தாக வேண்டும். அவர் கைக்குத் தெரிந்தது கட்டி அச்சு.

ஹேண்ட்லிங் கணக்கில் இதற்கு வரவும் உண்டு, செலவும் உண்டு. கட்டி அச்சில் வண்டி எவ்வளவு சாய்ந்தாலும் இரண்டு பின் சக்கரமும் ரோட்டுக்கு நேராகவே நிற்கும். அடியில் மடங்கும் பேச்சே இல்லை. அந்தப் பெரிய ஆபத்து ஒரே அடியில் போனது. பதிலுக்கு, ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடியது. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மற்றதும் அசையும். கரடுமுரடான வளைவில் பின்பக்கம் துள்ளித் தள்ளிப்போகும். ஹெரால்டுக்கு இருந்த சொகுசு கொஞ்சம் குறைந்தது.

கெஸலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'நல்ல இங்கிலீஷ் டிசைனைக் கெடுத்துவிட்டார்கள்' என்ற தொனியில் ஒரு வரியோடு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊஞ்சல் கமான் தந்திரம் சாய்வைச் சரிசெய்யும், ஆனால் அரை அச்சும் ஜாயின்ட்டும் அப்படியேதான் இருக்கும். மெட்ராஸின் தலைவலி அந்த ஜாயின்ட்தானே. கோவென்ட்ரியில் கேட்கப்பட்ட கேள்வி, மலைப்பாதை வளைவில் இளைஞன் ஒருவன் காலை எடுத்தால் என்ன ஆகும் என்பது. பெருங்களத்தூரில் கேட்கப்பட்ட கேள்வி, கல்யாணத்துக்குப் போகும் குடும்பம் நடுவழியில் நிற்காமல் போய்ச் சேருமா என்பது. கேள்வி வேறானால் விடையும் வேறாகத்தான் இருக்கும். இரண்டு விடையுமே வண்டி சுழல்வதைத் தடுத்தன என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அது லைசென்ஸ் காலம். உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாதவர்கள் கார் கட்ட முடியாது என்று 1953இல் அரசு முடிவெடுத்தபின் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. மிச்சமிருந்த கம்பெனிகள் வெளிநாட்டு மாடலை அப்படியே வருஷக்கணக்கில் அச்சடித்துக்கொண்டிருந்தன என்பதுதான் பொதுவான சித்திரம். அந்தக் காலத்தில் ஒரு சின்னக் கம்பெனி, வண்டியின் பின் சஸ்பென்ஷனையே மாற்றி வடிவமைத்தது. கிரில்லையும் விளக்கையும் மாற்றுவது போல அல்ல அது. அடிச்சட்டம், அச்சு, பிரேக், ஸ்பிரிங் எல்லாவற்றையும் திரும்பக் கணக்குப் போட வேண்டிய வேலை.

மிச்சம் என்ன?

கெஸல் நீண்ட நாள் ஓடவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் கார் சந்தையே சுருங்கியது. 1970களின் கடைசியில் ஸ்டாண்டர்ட் கம்பெனி கார் செய்வதை நிறுத்திவிட்டு வேன்களோடு நின்றது. 1985இல் ரோவர் எஸ்டி1 உடலில் பழைய வான்கார்ட் கால என்ஜினைப் பொருத்தி 'ஸ்டாண்டர்ட் 2000' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நம்ம ரோட்டுக்காக உயரத்தைக் கூட்டியிருந்தார்கள். இந்த முறை கேள்வியே தப்பு. மாருதி வந்துவிட்ட காலத்தில் கனமான, பெட்ரோல் குடிக்கிற, விலை அதிகமான வண்டியை யார் வாங்குவார்கள்? மூன்றே வருஷத்தில் கதை முடிந்தது.

ஆனால் மெட்ராஸ் ஸ்டியரிங்கை விடவில்லை. 1929இல் கார் விற்கும் கடையாகத் தொடங்கிய ராணே, 1960 வாக்கில் வேளச்சேரியில் ஸ்டியரிங் இணைப்புகள் செய்ய ஆரம்பித்தது. டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், ரேக் அண்ட் பினியன் என்று வளர்ந்து, இன்று கரண்டில் ஓடும் பவர் ஸ்டியரிங் வரை அந்தக் குழுமம் செய்கிறது. மோட்டார் உதவி செய்யும் இந்தக் காலத்து ஸ்டியரிங் பற்றி உலகம் முழுக்கக் கார் பிரியர்கள் வைக்கும் ஒரே புகார், 'லேசாக இருக்கு, ஆனா ஒண்ணும் தெரியலை' என்பதுதான். சேதியை வடிகட்டிவிட்டு சொகுசைக் கொடுக்கிறது என்கிறார்கள். அறுபது வருஷத்துக்கு முந்தைய ஹெரால்டில் இலவசமாகக் கிடைத்த ஒன்றை இப்போது சாஃப்ட்வேர் எழுதித் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார்கள்.

பழைய ஹெரால்டையோ கெஸலையோ இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். ஃபீலைக் கூட்ட வேண்டும் என்று அகல டயரும் சின்ன ஸ்டியரிங் வீலும் வாங்குவதற்கு முன்னால், ரேக்கைப் பிடித்திருக்கும் ரப்பர் தாங்கிகளைப் பாருங்கள். ரப்பர் உப்பியிருந்தால் ரேக்கே பக்கவாட்டில் நகரும். கை கொடுக்கும் கட்டளையும் டயர் அனுப்பும் சேதியும் அந்த ரப்பரிலேயே செத்துப்போகும். வெளிநாட்டு ரசிகர்கள் அங்கே அலுமினியத் தாங்கி போடுகிறார்கள். அடுத்தது, முன் சக்கர நிமிர்துண்டின் கீழே மரை வெட்டின வெண்கலத் துண்டு ஒன்று இருக்கும். சக்கரம் திரும்புவதே அந்த மரையில்தான். அதற்குக் கிரீஸ் அல்ல, கெட்டியான கியர் ஆயில்தான் போட வேண்டும். கவனிக்காமல் விட்டால் மரை துருப்பிடித்து, ஒரு நாள் நிமிர்துண்டே முறிந்து சக்கரம் மடங்கிவிடும். லோட்டஸ் எலான் வைத்திருப்பவருக்கும் இதே அறிவுரைதான், ஏனென்றால் துண்டு அதே வம்சம்.

வீட்டில் ஹெரால்டோ கெஸலோ ஓட்டின தாத்தா, பெரியப்பா, மாமா யாராவது இருந்தால் 'அந்த வண்டி எப்படி?' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மழை நாளில் வளைவில் ஸ்டியரிங் கைக்கு எப்படித் தெரிந்தது, முழு வண்டி ஆளோடு போகும்போது பின்னால் எப்படி இருந்தது என்று கேளுங்கள். பதிலைக் கீழே எழுதுங்கள். கம்பெனிக் காகிதங்கள் போனாலும் இன்னும் அந்தக் கைகள் இருக்கின்றன. ரொம்ப நாள் இருக்காது.